நேரளகெரெ கேட்டில் சொன்ன வார்த்தை

பெயர் சாராள். வயது முப்பத்தொன்று. கணவர் பெயர் பிரகாசம், இப்போது இல்லை. மதம் கிறிஸ்து மதம். தொழில் யூனியன் தாய்சேய் நல நிலையத்தில் மருத்துவச்சி. தர்மபுரி ஜில்லா ஓசூர் டவுன் தேர்ப்பேட்டையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சத்தியம் செய்து சொல்வதாவது:

இந்த வழக்கில் நான் போலீசாரிடம் முன்பே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு வார்த்தை தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை வைத்து ஏரிக் காவலர் திம்மராயன் என்பவரை ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள். அவர் எனக்கு உறவும் இல்லை, வேண்டியவரும் இல்லை. வார்த்தை தப்பு என்பதால் மறுபடியும் சொல்ல வந்தேன்.

என் கணவர் ஓசூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டி வந்தார். வாரம் முழுவதும் இரும்புச் சத்தத்திலேயே இருப்பவர் என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சத்தமில்லாத இடமாகப் பார்த்து சைக்கிளில் போய்வருவது அவர் வழக்கம். கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போவதற்காக நிலையத்தில் எனக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆன பிறகு இருவரும் சேர்ந்தே போவோம். பெங்களூர் ரோட்டில் போனால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பள்ளத்தில் இறக்கிவிடுவார்கள். ஊர்த் தெருவில் போனால் பொம்பளை சைக்கிள் விடுகிறாள் என்று கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். இந்த இரண்டு தொல்லையும் இல்லாத இடம் என்று எங்களுக்குத் தெரிந்தது தளி ரோட்டிலிருந்து உள்ளே போகிற நேரளகெரெ ஏரி ஒன்றுதான்.

மேற்படி ஏரியைச் சுற்றி நாவல், புங்கன், மூங்கில் என்று அடர்ந்த காடு இருக்கிறது. கரைமேல் ஒரு மண்ரோடு ஏரியைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும். அதைப் பூங்கா ஆக்கிய பிறகு மோட்டார் வண்டிகள் உள்ளே வரக் கூடாது, நடந்தோ சைக்கிளிலோதான் போகலாம், பறவைகள் கலையும்படி சத்தம் போடக் கூடாது என்று கேட்டில் போர்டு வைத்தார்கள். என் கணவர் அந்தப் போர்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மேடு பள்ளத்தில் பெல் தானாகக் கிணுகிணுக்கும் என்று உள்ளே போகுமுன் அதன்மேல் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிவிடுவார். நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டு போன நாளிலும் அங்கே தாழ்ந்த குரலில்தான் சண்டை பிடித்தோம்.

கல் காண்டிராக்டர் கோவிந்தப்பன் என்பவர் தன் கூட்டாளிகளோடு சாப்பிடுவதற்காக அந்த ஏரிக்கரைக்குக் காரிலேயே வந்து போவார். காவலர் திம்மராயன் அந்தக் காரைக் கண்டதும் கேட் மரத்தைத் தூக்கிவிட்டு சலாம் வைப்பார். கார் வரும்போதெல்லாம் நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரைச்சரிவில் முள்ளுக்குள் இறங்கி நிற்க வேண்டும். ஒருநாள் என் கணவர் அவரைப் பார்த்து, “ஏன் திம்மராயா, போர்டு எங்களுக்கு மட்டுந்தானா?” என்று கேட்டார். அதற்கு அவர், “பெரியவங்க வண்டி சார். மறிச்சா என் சோத்துல மண்ணு உழும்” என்றார். இன்னொரு முறை இப்படி நடந்தால் மேலே எழுதிப் போடுவேன் என்று என் கணவர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான், “இனிமே உட மாட்டேன் சார், ஆரா இருந்தாலும்” என்று ஒப்புக்கொண்டார். பயத்தில் வந்த யோக்கியம் அது. அதையும் இங்கே பதிவு செய்யச் சொல்கிறேன்.

அதன் பிறகு 1968-ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு நானும் என் கணவரும் மேற்படி ஏரிக்குப் போனோம். கேட் அருகில் போனபோது என் பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. வால்டியூப் பழுது. மாற்றுவதற்கு நான் உட்கார்ந்தேன். என் கணவர் உதவுவதாகச் சொன்னார். எனக்கு யாரும் மாற்றித் தர வேண்டியதில்லை என்று சொல்லி அவரை முன்னால் போகச் சொன்னேன். அவர் பெல்லில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அந்தச் சமயம் உள்ளிருந்து விறகு ஏற்றிய மாட்டுவண்டி வந்ததால் கேட் மரம் தூக்கியே இருந்தது. வண்டி வெளியே வந்ததும் அதன் சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. திம்மராயன் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கோவிந்தப்பனின் கார் வந்தது. ஓட்டியவர் சவரியப்பன் என்ற புது டிரைவர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அந்த வாரம்தான் வேலைக்கு வந்தவர் என்று பிற்பாடு தெரிந்தது. கோவிந்தப்பன் பின்சீட்டில் இருந்தார். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. அவர் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் காரை மெதுவாக்கித் தலையை நீட்டி, “அய்யா, வண்டி உள்ள போக ஆகுமா?” என்று கேட்டார். திம்மராயன் சக்கரத்தை விடாமல், “ஆகு, ஆகு” என்று கத்தினார். டிரைவர், “ரொம்ப சந்தோசம்யா” என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காரை உள்ளே விட்டார்.

திம்மராயன் வீட்டுப் பேச்சு தெலுங்கு. தெலுங்கில் ஆகு என்றால் நில் என்று அர்த்தம். தெற்கேயிருந்து வந்தவர் காதில் அது ஆகும், அதாவது போகலாம், என்று விழும். எங்கள் ஊரில் புதிதாக வருகிற கண்டக்டர்களும் வாத்தியார்களும் இதில் மாட்டிக்கொண்டு முழிப்பது வழக்கம். திம்மராயனுக்குத் தமிழ் தெரியும், ஆனால் அவசரத்தில் யாருக்கும் வீட்டுப் பேச்சுதான் வாயில் வரும். பிரசவ அறையில் தினமும் அதைக் கேட்கிறேன். தெலுங்குக்காரப் பெண்கள் முக்கக் கூடாத நேரத்தில் முக்கினால் நானும் ஆகு என்றுதான் அதட்டுவேன். டிரைவர் கையைத் தூக்கி நன்றி சொன்னதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். சிரித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். திம்மராயன் ஆகும் என்று சொல்லியிருந்தால் நான் சிரிக்க அங்கே ஒன்றும் இல்லை.

திம்மராயன் சக்கரத்தை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே காரின் பின்னால் ஓடினார். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு நானும் ஓடினேன். முதல் திருப்பத்தில் மூங்கில் மறைவு தாண்டியதும் கார் நின்றிருந்தது. என் கணவர் கரைச்சரிவில் கல் பதித்த இடத்தில் விழுந்து கிடந்தார். தலையில் அடி. காதிலிருந்து ரத்தம் வந்தது. டிரைவர் தரையில் உட்கார்ந்து, “அவுக ஆகும்னுதான சொன்னாக தாயி” என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். கோவிந்தப்பன் குனிந்து காரின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் திம்மராயனும் டிரைவரும் சேர்ந்து என் கணவரைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கரைமேல் காரைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயே எடுத்தால் கேட் கிட்டத்தில்தான். முன்சீட்டில் ஏறிய கோவிந்தப்பன், “ரிவர்ஸ்ல போனா வண்டி ஏரிக்குள்ள பூடும். சுத்திகினே போ” என்றார். நான் கெஞ்சினேன். என் கணவரின் உயிரைவிட வண்டி ஏரியில் விழுந்துவிடும் என்ற பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அதனால் ஏரியை முழுச் சுற்றாகச் சுற்றிக்கொண்டு போனோம். அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போக வந்த சுற்று அதுதான். நாவல்மரங்கள் இருக்கிற மறுகரையைத் தாண்டியதும் என் கணவருக்கு மூச்சு நின்றது. மூச்சு தொடங்குவதையே பார்த்துப் பார்த்துப் பழகியவள் நான். அது நின்றது எனக்குத் தெரியாமல் போகாது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து ஏட்டு ஒருவர் என்னை விசாரித்து எழுதினார். அவர் தஞ்சாவூர்க்காரர். காவலர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு ஆகு என்று சொன்னார் என்றேன். “ஆகும்னு சொன்னார், அப்படித்தானேம்மா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன் எழுதிவிட்டார். என் தமிழைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நான்தான் என் கணவரைக் கொன்றேன் என்று எழுதியிருந்தாலும் அன்றைக்குப் போட்டிருப்பேன்.

அதன் பிறகு ஒருநாள் திம்மராயனின் மனைவி கெம்பம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் உட்காரச் சொல்லவில்லை. “நர்சம்மா, எங்க ஊட்டுக்காரரு ஆகுன்னு சொன்னது ஒங்க காதுல உழுந்துச்சா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க” என்றாள். போலீசார் எழுதியிருப்பது இன்னது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. உன் புருஷன் வாயால் கத்தாமல் கேட் மரத்தை இறக்கியிருந்தால் என் புருஷன் இருந்திருப்பார் என்று அவளிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டேன். திம்மராயன்மேல் எனக்கு இருக்கிற வெறுப்பு தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. இதற்கு முன்பு அவர் அந்தக் காருக்குத் தூக்கிவிட்ட கேட்டுக்கு எந்தச் சட்டம் என்ன தண்டனை கொடுத்தாலும் கொடுக்கட்டும். அன்றைக்கு மட்டும் அவர் நிற்கத்தான் சொன்னார்.

என் கணவர் பெல் அடிக்காமல் ஓட்டியதால் விபத்து நடந்ததாக எதிர்த்தரப்பில் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். பின்னால் வருகிற காருக்கு முன்னால் போகிறவர் எதற்காகப் பெல் அடிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. சத்தம் போடாதே என்ற போர்டை மதித்தவர் செத்தார். வண்டி வராதே என்ற போர்டை மதிக்காதவர் ஜாமீன்கூடத் தேவையில்லாமல் வெளியே இருக்கிறார். சத்தமில்லாத இடம் தேடிப் போன மனுஷனுக்குக் கிடைத்த மரியாதை இது.

காவலர் ஆகும் என்று அனுமதித்ததாகவே தனக்கும் கேட்டது என்று கோவிந்தப்பன் சொல்லியிருக்கிறாரே, டிரைவரைப் போல அவரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாமே என்று கோர்ட்டார் கேட்டதற்கு நான் சொல்வது:

டிரைவர் புரியாமல் செய்தார். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, சந்தேகம் இல்லை. கோவிந்தப்பன் விஷயம் அப்படி அல்ல. நாங்கள் காரில் ஏரியைச் சுற்றிப் போனபோது, என் கணவருக்கு இன்னும் மூச்சு இருந்த சமயம், ஒரு பெண்பிள்ளை ஏரித்தண்ணீரிலிருந்து எருமைகளைக் கரையேற்றி ரோட்டின் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தாள். கோவிந்தப்பன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “ஆகு, ஆகு” என்று கத்தினார். அவள் எருமைகளை அங்கேயே மடக்கி நிறுத்திக்கொண்டாள். டிரைவர் திரும்பி முதலாளி முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்தார். அதற்கு அப்புறம் அவர் அழவில்லை. முதலாளி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். காரில் எருமை முட்டாமல் இருக்க அந்த வார்த்தை அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. கேட்டில் அதே வார்த்தையைக் கேட்டபோது பின்சீட்டிலிருந்து டிரைவரின் தோளைத் தொட்டு நிறுத்து என்று ஒரு சொல் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நானும் வாங்கி ஒருமுறை வாசித்தேன். காவலர் சொன்னதாக நான் சொன்ன இடத்திலெல்லாம் ஆகு என்றே இருக்கிறது, ‘ம்’ சேர்க்கப்படவில்லை. நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே, இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) பி. சாராள்