வெறுங்காலில் போட்டுப் பார்த்த பூட்ஸ்

அந்த பூட்ஸ் சாம்பல் நிறமா, கருநீலமா என்று எனக்கு இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. மற்றவை சரியாக நினைவிருப்பதாகத்தான் நம்புகிறேன். ஆனால் ஒன்றையே மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் அது தேய்ந்து வேறொன்றாகிவிடுகிறது.

நான் பட்டாளத்தில் பனிமலைகளில் இருந்தவன். ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகையை மாட்டி நடக்க அங்கே பழகினேன். எங்கள் ஊரான கம்பத்தில் அது யாருக்கும் வேண்டாத படிப்பு. ஓய்வுபெற்று வந்த பிறகு அதைப் பற்றி என்னிடம் ஆசையாகக் கேட்ட ஒரே ஆள் என் தங்கை முத்துலட்சுமியின் கணவர் பொன்னுராஜ். ஏலக்காய் வியாபாரி. அவரும் அவருடைய கூட்டாளி ஷானவாஸும் முந்தின குளிர்காலத்தில் இமாச்சலுக்குப் போய்ப் பழகிவிட்டு வந்திருந்தார்கள். அப்போது வாடகை பூட்ஸ். பயிற்சியாளர் மாட்டிவிட்டார், இவர்கள் காலை நீட்டியதோடு சரி. இந்த முறை சொந்தமாக வாங்கிக்கொண்டு, துணைக்கு ஆளில்லாமல் அங்கே காட்டுக்குள் போவதாகத் திட்டம். என்னென்ன வாங்குவது என்பதை என்னிடம் விட்டார்கள்.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அவருடைய கால்கள்தான் எனக்கு ஒவ்வாதவை. சாப்பிட உட்கார்ந்தால் இடது காலை மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். விரலிடுக்கில் சேற்றுப்புண். பேசிக்கொண்டே அதை நோண்டுவார், உரிந்து வருவதை உருட்டுவார், முகர்ந்தும் பார்ப்பார். பிறகு அதே கையால் தட்டை வழித்து நக்கிவிட்டு எழுந்து போவார். என் தங்கை அதே தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுவாள். எங்கள் வீடுகளில் பெண்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எதுவும் சொன்னதில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எப்போதுமே சுலபம்.

ஸ்கீ தேர்ந்தெடுத்ததில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பாதையில்லாத பனிக்கு ஏற்ற அகலம், ஓரத்தில் இரும்பு விளிம்பு, ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்க அடியில் மீன் செதில் போன்ற வெட்டு. அவர்கள் எடைக்குத் தகுந்த நீளம். நல்ல ஸ்கீ மனிதனை வெகுதூரம் கொண்டுபோகும். அதை யோசித்துத்தான் வாங்கச் சொன்னேன்.

பூட்ஸ் ஆளுக்கு இரண்டு அளவுகளில் வந்தது. பொருந்தாததைத் திருப்பி அனுப்பிவிடலாம். என் வீட்டுக் கூடத்தில் போட்டுப் பார்த்தார்கள்.

"சாக்ஸ் வேணாமா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

"வெறுங்கால்ல போடுங்க. அப்பத்தான் அளவு தெரியும்."

பெரிய பூட்ஸில் எழுந்து நின்று விரல்களை அசைத்தார். "இது லொடலொடங்குது. எங்க மாமனாரு வேட்டியக் கட்டுன மாதிரி இருக்கு."

ஷானவாஸ் சிரித்தான். "மாமனாரு காதுல விழுந்துறப் போகுது. மச்சினன் முன்னாடியே சொல்றியேப்பா."

சிறியது கச்சிதமாக உட்கார்ந்தது. செருப்பு வாங்குவதுபோல இரண்டு தடவை தரையில் தட்டிப் பார்த்தார். எங்கள் ஊரில் படித்தவனும் அப்படித்தான் வாங்குவான். கடிக்காமலும் ஆடாமலும் இருந்தால் அது நல்ல செருப்பு. பனியில் அது உதவாது. கனத்த சாக்ஸ் ஒன்று போட்ட பிறகும் உள்ளே விரல் ஆட வேண்டும். ஆடாவிட்டால் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத காலைக் குளிர் தின்றுவிடும். முதலில் மரத்துப்போகும், வலி நின்றுவிட்டதே என்று ஆள் சந்தோஷப்படுவான். பட்டாளத்தில் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள்.

"இதையே வச்சுக்கங்க," என்றேன். "அங்கன போய் மூணு சாக்ஸ் போட்டுக்கங்க. கதகதன்னு இருக்கும்."

"எனக்கும் சின்னதா, அண்ணே?" என்று ஷானவாஸ் கேட்டான்.

அவனுடைய கால்கள் சுத்தமானவை. தொழுகைக்குத் தினமும் ஐந்து வேளை கழுவுகிற கால்கள். ஆனால் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் சொன்னால் வழியிலேயே இருவரும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். "ஒனக்கும் சின்னதுதான் தம்பி," என்றேன். அவனுக்காக வருத்தப்பட்டேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

அன்று ராத்திரி தங்கை எனக்குப் போன் செய்தாள். "அவுக ஒரே குசியா இருக்காகண்ணே. பூட்ஸக் கட்டில் பக்கத்துலயே வச்சிருக்காக. நீ பாத்து எடுத்துக் குடுத்துருக்க, எனக்குப் பயமில்ல." அப்போதும் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. நான் காதில் போனை வைத்தபடி வெகுநேரம் சும்மா இருந்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவள் வைத்துவிட்டாள்.

ஸ்கீ அவர்களை நன்றாகவே கொண்டுபோயிருக்கிறது, ரோட்டிலிருந்து வெகுதூரம். அங்கே மாப்பிள்ளையால் எழுந்து நிற்க முடியவில்லை. அவரைக் கூடாரத்தில் படுக்கவைத்துவிட்டு ஷானவாஸ் உதவி தேடிப் போனான்.

தேடிப் போனவர்கள் மாப்பிள்ளையை உயிரோடு மீட்டார்கள். ஷானவாஸின் உடலைப் பனி உருகிய பிறகுதான் எடுத்தார்கள். உத்தமபாளையத்தில் அடக்கம் செய்தோம்; உடலை வைத்துத் தூக்கிய சந்தூக்குக்கு நானும் தோள் கொடுத்தேன். அவன் மனைவி ஷர்மின் அவனுடைய ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பெரியகுளத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு இரண்டு பாதங்களையும் பாதியோடு எடுத்துவிட்டார்கள். சர்க்கரை இருப்பதால் புண் இன்னும் ஆறவில்லை. முத்துலட்சுமி காலையிலும் மாலையிலும் கட்டைப் பிரித்து, சீழைத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டுகிறாள். கையுறை போட்டால் அவர் மனம் நோகும் என்று வெறுங்கையால் செய்கிறாள். நான் அவளுக்காகத்தான் இதையெல்லாம் செய்தேன். எனக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது. அதனால் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.