பால் குடித்தும் வலிக்காதவர்கள்

செந்துறையில் பஸ் கிளம்பியதும், முன் சீட்டில் இருந்த நடுவயது அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "பால் குடிச்சா எல்லாருக்குமே வயிறு வலிக்கும்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன்."

"நீங்க மாடு வச்சிருக்கவங்களாச்சே அக்கா?"

"அதான். கறந்த பால்ல காபி குடிச்சிட்டுத்தான் களைவெட்டுக்குப் போவேன். வயிறு பெசையும். பாதியிலயே வூட்டுக்கு வந்துடுவேன். டிமிக்கி குடுக்கறவன்னு பேரு. மத்தவங்கெல்லாம் வலியப் பொறுத்துக்கிட்டு வேலை செய்றாங்க, நமக்குத்தான் தெம்பில்லன்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"அரியலூர் டாக்டரம்மாதான், பாலு உங்களுக்குச் செரிக்கல, கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கன்னாங்க. இப்ப பருத்திக்கொட்டைய ஊறவச்சு அரைச்சு, அதுல பாலெடுத்து, வெல்லம் போட்டுக் காய்ச்சிக் குடிக்கிறேன். வயிறுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"போன முகூர்த்தத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில எல்லாரும் பால் பாயசம் குடிச்சாங்க. எந்திரிச்சு கை கழுவிட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டு நின்னாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நான் அப்படியே பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."