நிலவறையில் அழுகிறவள்

சிரிக்காதீங்க தம்பி. அந்தச் சுவர்ல இருக்கிறது ஈரமில்ல, ரத்தம். எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் அதே இடத்துல எட்டிப் பாக்கும். இந்த மேஜையிலதான் அண்ணனும் தம்பியும் எதிரெதிரா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்களாம். பங்களா யாருக்குன்னு பேச்சு. எனக்குத்தான்னு அண்ணன்காரன் சொல்லி வாயை மூடல, தம்பிக்காரன் மடியில வச்சிருந்த துப்பாக்கிய எடுத்து மூஞ்சிக்கு நேரா சுட்டுட்டான். அப்புறமா? அப்புறம் மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டான். ஆமாங்க, மேல தெறிச்சதைக்கூடத் தொடைக்கல. இப்பவும் மத்தியானமானா இங்க தட்டுச் சத்தம் கேக்கும். மெதுவாத் தின்னுடா, விக்கிக்கப் போகுதுன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் பெருக்கிட்டுப் போயிடுவேன்.

வாங்க, மாடிக்குப் போவோம். கைப்பிடி ஆடும், பாத்து. இந்த வீட்டைக் காவல் காக்க வந்தப்ப எனக்கு ஒரு நரைமுடி கிடையாது. வீட்டுக்காரங்க வெளிநாடே கதின்னு ஆயிட்டாங்க. வீட்டை விலைக்கு வாங்க வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் சுத்திக் காட்டுறது. கதையும் சேத்துத்தான். மறைச்சு வித்தா நாளைக்கு என்னைத்தானே ஏசுவீங்க?

இது பெரிய படுக்கையறை. மெத்தையைத் தூக்கிப் பாக்கணுமா, பாருங்க பாருங்க. கட்டிலுக்கு அடியில எலிப்பொறிதான் இருக்கு, விரலை விட்டுடாதீங்க. இங்க இருந்தவன் பொண்டாட்டிய பெல்ட்டால அடிப்பானாம். காரணமா? ஜன்னல் திறந்திருக்கு, அடி. ஜன்னல் மூடியிருக்கு, அதுக்கும் அடி. ஒருநாள் அவன் தூங்கும்போது, கணப்பு நெருப்பைக் கிண்டுற இரும்புக் கம்பியோட வந்தா அவ. தலையில போடல தம்பி. முட்டியில போட்டா. ரெண்டு முட்டியும் சில்லு சில்லா. அவன் போட்ட கூப்பாட்டுல வீடே முழிச்சுக்கிச்சு, ஆனா ஒருத்தரும் எந்திரிச்சு வரல. வழக்கம்போல அம்மாதான் அலறுறாங்கன்னு திரும்பிப் படுத்துட்டாங்க. சாகுற வரைக்கும் தவழ்ந்தான். செத்தும் தவழ்றான். பேயானாலாவது காத்துல மிதக்கலாம்ல? அதுக்கும் கொடுத்து வைக்கல.

அட, என்ன அவசரம்? அலமாரியில பழைய திரைச்சீலை. கதவுக்குப் பின்னாடி தொடப்பம். இந்தாங்க, தண்ணி குடிங்க, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு... எது, கொடியில காயுற துணியா? என்னோடதுதான். ஏன், வயசானவ சிவப்பு கட்டக் கூடாதா?

ஒண்ணு சொல்லட்டுமா? இதெல்லாம் நான் கேள்விப்பட்டது. தட்டுச் சத்தத்தை விட்டா, என் காதால கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கீழ நிலவறையில ஒரு பொண்ணு அழுவா. முன்னெல்லாம் கிடையாது, கொஞ்ச நாளாத்தான். சின்னக் குரல். வாயில துணியை அழுத்திக்கிட்டு அழுற மாதிரி.

என்னது, இப்பவே பாக்கணுமா? பேயெல்லாம் நம்ப மாட்டீங்களா? நல்லதாப் போச்சு. நம்புறவங்க அந்தக் கதவுகிட்டயே வர மாட்டாங்க. இப்படி வாங்க, சமையலறைக்குப் பின்னாடி. டார்ச்சைப் பிடிங்க. நீங்க முன்னால இறங்குங்க, எனக்கு மூட்டு ஒத்துழைக்காது. கடைசிப் படி உயரம், பாத்து. ஆங், மூலையில மூட்டை அடுக்கியிருக்கு பாருங்க, அதுக்குப் பின்னாடி. இன்னும் உள்ள போங்க. இன்னும்.

கதவா? நான்தான் சாத்தினேன். பூட்டும் போட்டாச்சு. இடிக்காதீங்க மாப்பிள்ளை, அந்தக் காலத்து மரம், தோள்பட்டை கழண்டுடும்.

ஆமா, மாப்பிள்ளைன்னுதான் கூப்பிட்டேன். உங்க பொண்டாட்டிக்கு நான் சித்தி. அவங்கம்மா கூடப் பிறந்தவ. இந்த வீட்டைப் போட்டுட்டு உங்க கல்யாணத்துக்கு வர முடியல, அதனால ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாமப் போச்சு. ஆனா கையை நீட்டிக் கிளாஸை வாங்கினீங்க பாருங்க, மணிக்கட்டுல அந்தப் பல்தடம். கழுத்தை நெரிச்சப்ப கடிச்சேன் சித்தின்னு இங்க ஓடி வந்த அன்னிக்கே சொன்னா. அதுக்கு முன்னாடியே எனக்கு உறுத்தல்தான். வீடு வாங்க வர்றவன் மேல பாப்பான், ஒழுகுதான்னு. குழாயைத் திறந்து பாப்பான். மெத்தையைத் தூக்குறவன் வீட்டையா பாக்க வந்திருக்கான்?

அங்க எதைத் தள்ளி என்ன பிரயோசனம்? அவ அங்க இல்ல. அழுகையும் கிடையாது, அது அந்த நிமிஷத்துல நான் கட்டிவிட்ட கதை. பேய் இல்லைன்னு நினைக்கிறவன், அப்ப அழுறது நம்மாளுதான்னு ஓடுவான் இல்ல? யாரு மணி அடிச்சாலும் பின்வாசல் வழியாக் கிளம்பிடுன்னு அவகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். நீங்க வாசல்ல நிக்கும்போதே போயிட்டா.

இருங்க, போன் அடிக்குது. சொல்லு கண்ணு. ஆமா, அவன்தான். உள்ளதான் இருக்கான். சத்தியமாடி. இரு, இரு, அழாத.

நம்ப மாட்டேங்குறா மாப்பிள்ளை. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா. ஒவ்வொரு தூணுக்குப் பின்னாடியும் நீங்க நிக்கிற மாதிரியே இருக்காம். வண்டி கிளம்பப் போகுது, காலை எடுத்து வைக்கவே பயப்படுறா. உங்க குரல் இங்க கேட்டாத்தான் ஏறுவாளாம். போனைக் கதவுல வைக்கிறேன். வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க.

ஆங், அப்படித்தான். இன்னும் கொஞ்சம் சத்தமா. கொன்னுடுவேன்னு சொல்லுவீங்களாமே, அதையும் சொல்லிடுங்க.

கேட்டுச்சா கண்ணு? சரி, ஏறிக்கோ.