நிலுவை ஏதுமில்லை

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல், சார். கூட்டக் குறிப்பு எடுக்க ஏஐ மென்பொருள் வாங்கலாம் என்று மேலாளர் சொன்னபோது எனக்கு அத்தனை குஷி. தேர்ந்தெடுக்கும் வேலையையும் என் தலையிலேயே கட்டினார்.

மூன்றைச் சோதித்துப் பார்த்தேன். முதலாவது, இருமலைக்கூட விடாமல் எழுதியது. இரண்டாவது, மேலாளர் பேசியதைக் காவலாளி கணக்கில் போட்டது; மேலாளர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவதுதான் தங்கம். பேசியதையெல்லாம் ஒரே பக்கமாகச் சுருக்கி, செய்ய வேண்டிய வேலைகளைக் கீழே வரிசையாகப் போடும். எல்லாம் முடிந்திருந்தால் பக்கத்தின் ஓரம் பச்சை. ஒன்று நிலுவையில் இருந்தாலும் சிவப்பு. "இதை வாங்குங்க சார், இனிமே எல்லா வாரமும் பச்சைதான்" என்று மேலாளரிடம் அடித்துச் சொன்னேன்.

அது வந்த பிறகு கூட்டத்தில் யாரும் காது கொடுப்பதில்லை. அதுதான் குறிப்பு வரப்போகிறதே. மேலாளர் வீட்டிலிருந்தே இணைவார், முகம் காட்டாமல். எங்கள் சலவை ஆலையில் குறிப்பில் இருந்தால்தான் வேலை நடக்கும்.

பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் என் தங்கை கணவர். நல்ல மனிதர், ஆனால் ஒரே பல்லவி. ஒவ்வொரு திங்களும், "வால்வு ஒட்டிக்கிச்சு. ஆவி கூடினா திறக்காது. பாய்லரை நிறுத்திட்டு மாத்தணும்" என்பார். மென்பொருளும் அதை முதல் வேலையாகப் போடும். புது வால்வு வர இரண்டு மாதமாகும். அதுவரை பக்கம் சிவப்பாகவே கிடக்கும். நான் அந்த வரியை நீக்கிவிடுவேன்.

"மச்சான், நான் சொன்னது குறிப்புல வந்துச்சா?" என்று கேட்பார்.

"வந்துச்சு மாப்பிள்ளை. நீங்க கவலைப்படாதீங்க."

அது பொய்யில்லை. வரத்தான் செய்தது.

ஏழாவது வாரம் பாய்லர் வெடித்தது. துணி தேய்க்கும் பெண்கள் இருவர் செத்துப்போனார்கள். அதில் ஒருவர் என் சட்டையையும் சேர்த்துத் தேய்த்துக் கொடுப்பார். இப்போது போட்டிருப்பதும் அவர் தேய்த்ததுதான்.

எச்சரிக்காமல் இருந்துவிட்டார் என்று மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். ஆறு வாரக் குறிப்பிலும் வால்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூட்டத்தில் இருந்தவர்களுக்கோ ஒன்றும் நினைவில்லை. தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். வக்கீல் பார்த்துக் கொடுத்தது நான்தான். உங்களிடம் குறிப்புகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்ததும் நான்தான்.

நீக்கியதையெல்லாம் தேதியோடு அந்த மென்பொருள் தனியாகச் சேர்த்துவைக்கும் என்று விற்க வந்தவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் இரண்டாவதையே வாங்கியிருப்பேன்.

நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன், சார். பிழையே இல்லை. மாப்பிள்ளையும் வீட்டுக்குப் போகட்டும், பாவம். கையெழுத்துப் போடத் தயார். 'ஆறு முறை நீக்கினேன்' என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டால், எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.