அரைப் பாளம் ஐஸ்

கத்திரி வெயிலில் ஐஸ் போட்ட தண்ணீரில் முகம் கழுவுவதைப் போல ஒரு சுகம் கிடையாது. நீங்களும் விழுப்புரம் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறீர்கள். முகம் கழுவிக்கொள்ளுங்கள் என்றேன், வேண்டாம் என்றீர்கள். சரி. ஃபேனைக் கூட்டி வைக்கிறேன்.

தொழிலாளர் துறையிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது திருவெண்ணெய்நல்லூர் தாண்டவராயன் கொடுத்த மனு. அவருடைய மகள் கலைப்பிரியா எங்கள் யூனிட்டில் தையல் மிஷினில் இருந்தவள். அவர் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறார். காய்ச்சலோடு போன பெண்ணை கேட்டில் எப்படி உள்ளே விட்டார்கள். கேட்டில் நின்றவன் நான்தான். பெயர் கோகுலகிருஷ்ணன். பி.எஸ்சி. இயற்பியல். வயது முப்பத்து மூன்று. மனைவி இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

2021, இரண்டாம் அலை. யூனிட் திண்டிவனத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு கவுன் தைத்தோம். அதனால் ஊரெல்லாம் மூடியபோதும் எங்களுக்கு அனுமதி இருந்தது. நூற்று நாற்பது பெண்கள். அந்த மாதத்தில் அவர்களுடைய புருஷன்மார்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள். ஆட்டோக்காரர் ஓடாத ஆட்டோவைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாண மேளக்காரர் மேளத்தை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். பரோட்டா மாஸ்டர் பெண்டாட்டிக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நூற்று நாற்பது வீட்டு அடுப்பும் எங்கள் கேட் திறப்பதை நம்பித்தான் எரிந்தது. இதை முதலில் மனதில் வையுங்கள்.

கேட்டில் ஒரு பேனர் இருந்தது. 'உயிரும் முக்கியம், வாழ்வாதாரமும் முக்கியம்.' மானேஜர் ராஜாமணி எழுதியது. அனுமதிக்காக அவர் எழுதிக்கொடுத்த உறுதிமொழி பேனரைவிடக் கறாரானது. ஒரே நாளில் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்றால் யூனிட்டைப் பதினான்கு நாள் பூட்டுவோம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். போட்டுவிட்டு வந்து காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

"பிசிக்ஸ் படிச்சவன் இங்க நீ ஒர்த்தன்தான்யா. பூட்டிட்டா பேஜாராயிடும். பாத்து சுடு."

நெற்றிக்கு நேராக நீட்டிப் பொத்தானை அழுத்தினால் எண் வரும். 99.5-ஐத் தாண்டினால் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதல் பிரச்சினை வெயில். தகரக் கூரை வேனில் ஒரு மணி நேரம் வந்து இறங்கினால் நல்ல நெற்றியும் நூறைக் காட்டும். முதல் நாள் பதினோரு பேர் அப்படி. யாருக்கும் காய்ச்சல் இல்லை. அன்றைக்கே நானும் வேன் டிரைவர் பெரியதம்பியும் சேர்ந்து பந்தல் போட்டோம். பத்து நிமிடம் நிழலில் நிற்க வைத்தேன். நீல டிரம்மில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் வைத்தோம். அப்போது எல்லாத் தெருவிலும் அந்த டிரம் இருந்தது. வேப்பிலை பறித்துக்கொண்டு வந்தவள் இளவரசி. என் மனைவி, என் மாமன் மகள். அதே யூனிட்டில் தைத்த கவுனைச் சரிபார்க்கும் மேசையில் இருந்தாள். முகம் கழுவினார்கள், எண் இறங்கியது. இதுவரை ஒருவரும் குறை சொல்ல முடியாது.

ஐஸ் என் யோசனை. அது எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். துப்பாக்கி தோலைத்தான் பார்க்கும். உள்ளே எரிவதை அது பார்க்காது. ஈரம் காயும்போது தோல் குளிரும். பள்ளிக்கூடப் பாடம்.

முழுப் பாளம் போட்ட முதல் நாள் வரிசையில் முன்னால் நின்றவள் கலைப்பிரியா. அழுத்தினேன். எண் வரவில்லை. 'லோ' என்று வந்தது.

"இன்னாண்ணா காட்டுது?"

"லோன்னு காட்டுது."

"அப்ப நான் செத்துட்டனா? எங்கப்பாவுக்கு போன் போட்டுச் சொல்லிடுங்கண்ணா, சாயங்காலம் கரும்புக்குத் தண்ணி கட்ட வரமாட்டேன்னு."

வரிசை மொத்தமும் சிரித்துச் சரிந்தது. அடுத்தவளுக்கும் 'லோ'. அதற்கடுத்தவளுக்கும். அஸ்வினி என்று ஒரு பெண் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். "தங்கமே, நீ போயிட்டா ஓவர்டைம் யாரு பாப்பா." ராஜாமணி நிஜமாகவே யாரோ போய்விட்டார்கள் என்று செருப்பில்லாமல் ஓடிவந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு இருமல் வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் கால் பாளம் போட்டேன். போதவில்லை. அதற்கு மறுநாள் அரைப் பாளம். எல்லோரும் 97-க்கும் 98-க்கும் நடுவில் வந்து நின்றார்கள். அதுதான் சரியான அளவு.

காய்ச்சலோடு ஆட்கள் உள்ளே போனது உனக்குத் தெரியுமா என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும். நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்பவனுக்கு மூச்சின் சூடு தெரியும். கண் சிவந்திருப்பது தெரியும். ஆனால் உறுதிமொழியில் எழுதியிருந்தது எண்ணைப் பற்றி மட்டும்தான்.

அந்த மூன்று வாரம் போல ஒரு சந்தோஷமான கேட்டை நான் பார்த்ததில்லை. வெளியே முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரி பக்கமாக ஆம்புலன்ஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே அந்தச் சத்தத்துக்குத் தாளம் போட்டு வரிசை நகர்ந்தது. சைரனில் என் குரல் கேட்கவில்லை என்பார்கள். நான் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஏலம் விடுகிறவன் போல எண்ணைக் கத்துவேன். தொண்ணூத்தேழு புள்ளி மூணு. தொண்ணூத்தேழு புள்ளி ஆறு. குறைவான எண் வந்தவளுக்குக் கைதட்டல். "கையி ராசியான கையிய்யா ஒனக்கு" என்று ராஜாமணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருபதாம் நாள் எல்லோருக்கும் மல்லாட்டை உருண்டை, வேர்க்கடலையில் செய்தது, கொடுத்தார். பக்கத்து ஊரில் இரண்டு மில் மூடிவிட்டார்கள். எங்கள் கேட் திறந்தே இருந்தது.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். வரும்போது நெடுஞ்சாலையில்தானே வந்தீர்கள். அந்தச் சாலையில் மாதாமாதம் விபத்தில் எத்தனை பேர் போகிறார்கள். அதற்காக விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் சாலையை யாரும் பூட்டுவதில்லை. போகிறவர்கள் போக, மற்றவர்கள் வேலைக்குப் போகவேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம் அது. நான் அதைக் கேட்டில் செய்தேன், அவ்வளவுதான்.

மே பதினேழு, திங்கட்கிழமை. அன்றைக்கு ஆய்வுக் குழுவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து பந்தலில் உட்கார்ந்து நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து ஐஸ் வண்டியைப் போலீஸ் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். டிரம்மில் தண்ணீர் வெந்நீராக இருந்தது. பெரியதம்பி வேனை எடுத்துக்கொண்டு ஐஸ் வாங்கப் போனான். அதிகாரிகள் எதிரில் வரிசையை நிறுத்திவைக்க முடியாது. ஒருத்திக்கு 101. அனுப்பினேன். நாலு பேர் தள்ளி இன்னொருத்திக்கு 100.6. அனுப்பினேன். அடுத்தது இளவரசி.

அவள் நெற்றியை நீட்டவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, நான் இப்படியே திரும்பிடறேன். ராத்திரிலேர்ந்து ஒடம்ப முறிச்சிப் போடுது."

"நீ போனா மூணு ஆயிடும்."

"ஆவட்டுமே. பூட்டட்டுமே. பதினாலு நாள்தான?"

"அஞ்சு நிமிஷம் இரு. ஐஸ் வந்துக்கினு இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி வரிசையைப் பார்த்தாள். நூற்றுச் சொச்சம் பெண்கள், டிபன் பையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கணக்குத் தெரியும். மூன்று. அவளை வீட்டுக்குப் போ என்று சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. அந்த வார்த்தைக்குப் பின்னால் பூட்டிய கேட் இருந்தது.

"வழி உடுங்க, வழி உடுங்க, அம்மனுக்கு ஐஸு வருது." பெரியதம்பி கோணி சுற்றிய பாளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். டிரம்மில் போட்டதும் தண்ணீர் எகிறி அவன் மீசை மஞ்சளானது. நான் குவளையை எடுத்தேன். இளவரசியின் கையைப் பிடித்து இழுத்து, முகத்தில் ஒரு குவளை, தலையில் இரண்டு குவளை ஊற்றினேன். அவள் வீலென்று கத்தினாள்.

பின்னாலிருந்து கலைப்பிரியாவின் குரல் வந்தது. "மொறைப் பையன் ஊத்துறாருடி. மஞ்சத் தண்ணிடி இது."

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் கடைசி நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். முறை உள்ளவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றலாம். ஒரு வருடமாகத் திருவிழா இல்லை. அந்த ஏக்கம் மொத்தமும் டிரம்மைச் சுற்றி உடைந்தது. இளவரசி குவளையைப் பிடுங்கி என் தலையில் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ் மூடியில் மொண்டு ஊற்றினார்கள். ராஜாமணியைத் துரத்தினார்கள். "எனக்கு யாரும் மொறை இல்லம்மா" என்று அவர் பந்தல் காலைச் சுற்றி ஓடினார். "அதெல்லாம் இன்னிக்கு எல்லாரும் மொறைதான் சார்" என்றாள் அஸ்வினி. அதிகாரிகளின் வெள்ளைச் சட்டையும் மஞ்சளானது. அவர்களும் சிரித்தார்கள். பத்து நிமிடம் அங்கே நோய் என்று ஒன்று இல்லை.

நடுவில் நின்று அவள் நெற்றிக்கு நேரே அழுத்தினேன். 97.4. உரக்கக் கத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"குளிருது மாமா" என்றாள். பல் அடித்துக்கொண்டது. அது எனக்குக் கேட்டது. உள்ளே போ என்றேன். ஈரப் புடவையோடு மாலை ஆறு மணிவரை கவுன் சரிபார்த்தாள்.

அடுத்த மூன்று வாரத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். முதலில் பெரியதம்பி. நாலாவது கலைப்பிரியா. ஆறாவது இளவரசி. வீட்டில் இருந்தவர்களை நான் சேர்க்கவில்லை. அவர்கள் நெற்றி என் பொறுப்பில் வராது.

இளவரசிக்கு முண்டியம்பாக்கத்தில் படுக்கை கிடைத்தது. நன்றாகவே பார்த்தார்கள். நான் துப்பாக்கியைச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். ஒருநாள் மத்தியானம் ஆக்சிஜன் மூடியை விலக்கி, "எவ்ளோ காட்டுது மாமா?" என்று கேட்டாள். ஈரத் துண்டால் நெற்றியைத் துடைத்தேன். விசிறினேன். பிறகு அழுத்தி, எண்ணை அவளுக்குக் காட்டினேன். 97.8. சிரித்தாள். "அப்ப நாளைக்கு வேலைக்குப் போலாம்" என்றாள். தூங்கினாள். அவ்வளவுதான்.

யூனிட்டை ஒருநாள்கூடப் பூட்டவில்லை. நூற்று முப்பத்திரண்டு பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். பாதிப் பேர் என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறார்கள். இன்னும் அந்த மஞ்சள் தண்ணீர் நாளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். தாண்டவராயன் மட்டும் சிரிப்பதில்லை. போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எம் பொண்ணுக்கு நெத்தி அனலா கொதிச்சிதுப்பா. நான் கையி வெச்சிப் பாத்துதான் வேன் ஏத்துனேன். போவாதம்மான்னேன். கேட்டுல கோகுலண்ணன் பாப்பாரு, சொரம்னா திருப்பி அனுப்பிடுவாருன்னா. ஒன்ன நம்பித்தான் அனுப்புனேன்." நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

யூனிட்டுக்குள் நோயைக் கொண்டுவந்தவன் பெரியதம்பி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நாலு ஊருக்கு வேன் ஓட்டியவன், முதலில் இறந்தவன். அவன் மனைவியைக் கொஞ்ச நாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐஸ் யோசனை எப்படி வந்தது என்று சொல்கிறேன் என்றேன். பந்தல் போட்ட மறுநாள் காலை. கேட்டைத் திறப்பதற்கு முன் என்னை நானே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இரண்டு நாளாகத் தொண்டை கரகரத்தது, உடம்பு வலித்தது. பந்தல் கட்டியதால் என்று இளவரசியிடம் சொல்லியிருந்தேன். அழுத்தினேன். 101.2. இன்னொரு முறை அழுத்தினேன். 101.4. நான் வீட்டுக்குப் போனால் கேட்டில் நிற்க ஆள் இல்லை. கேட்டில் ஆள் இல்லாவிட்டால் அனுமதி இல்லை. நீர்மோருக்கு வாங்கி வைத்திருந்த ஐஸை எடுத்து டிரம்மில் போட்டேன். முகத்தை உள்ளே முக்கி ஐம்பது எண்ணினேன். 97.2. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக இருந்தது. வேன் ஹாரன் கேட்டது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு போய் நின்றேன். நூற்று நாற்பது முகத்துக்கும் எதிரே, ஒரு சாண் தூரத்தில், ஒவ்வொருவராக. அந்த வாரம் முழுவதும்.

அப்போது எங்கள் யூனிட்டில் வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

ஆனால் அதைக் காய்ச்சல் என்று நீங்கள் எழுத முடியாது. கேட்டைத் திறந்தபோது எனக்கு 97.2. பதிவேட்டில் இருக்கிறது, பாருங்கள். துப்பாக்கி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் காலையில் தவறாமல் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட எனக்குக் காய்ச்சல் இருந்ததில்லை. முகம் கழுவிய பிறகுதான் பார்ப்பேன்.