எட்டுக் கோப்பைக்கு ஒரு கணக்கு

சக்கரபாணி: ...ரெண்டும் எவ்வளவு ஒத்துப் போவுதுன்னு பாக்க, சூளை சூட்டுக்குப் பியர்சன் கணக்கு போட்டீங்களே, இந்தச் சீட்டுக்கும் அதையே போட்டா என்னங்க?

அம்புஜவல்லி: சூளை சூப்பர்வைசருக்கு என் கணக்கு மேல என்ன திடீர் அக்கறை? சூடு டிகிரியில அளந்தது. பீங்கான் சுருங்கினது மில்லிமீட்டர்ல அளந்தது. கிராஃப்ல புள்ளி வெச்சுப் பாத்தேன், நேர்கோட்டுல போச்சு. அதனால பியர்சன். உங்க சீட்டுல என்ன இருக்குது?

சக்கரபாணி: புதுப் பூச்சு பூசின எட்டுக் கோப்பை. எது அழகுல மொதல்ல, எது ரெண்டாவதுன்னு செக்‌ஷன்ல எல்லாரும் எழுதிப் போட்டோமே... அதுல ரெண்டு பேரு சீட்டு. நம்பர்தானே?

அம்புஜவல்லி: ஒண்ணாவதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எவ்வளவு அழகு கொறையுதுன்னு அளந்தீங்களா?

சக்கரபாணி: அழகை எப்படிங்க...

அம்புஜவல்லி: அதான். வரிசை மட்டும்தான் தெரியும். வரிசை ஒத்துப் போவுதான்னு பாக்க ஸ்பியர்மன் கணக்கு.

சக்கரபாணி: அந்த விரிசல் தகராறுல பச்சமுத்துவுக்கு வேறென்னமோ போட்டீங்க.

அம்புஜவல்லி: மானேஜர் ஷிஃப்டுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு, நம்பர் ஏற ஏற விரிசல் ஏறுது, மூணாவது ஷிஃப்டு பச்சமுத்துவை அனுப்பிடுன்னாரு. அந்த நம்பர் வெறும் பேரு. பஸ்ஸு நம்பரைக் கூட்டினா திட்டக்குடி வந்துடுமா? விரிசல் உண்டு, இல்லன்னு எண்ணி, கட்டம் போட்டு, கை-ஸ்கொயர்னு ஒரு கணக்கு பாத்தேன். மூணு ஷிஃப்டும் பெருசா வித்தியாசமில்ல. அவரு வேலை தப்பிச்சுது.

சக்கரபாணி: அன்னைக்கு நீங்க மானேஜர் எதிர்ல நின்னு சொன்னீங்க பாருங்க... அப்பத்தான் நான்...

அம்புஜவல்லி: நீங்க?

சக்கரபாணி: ஒண்ணுமில்ல. கணக்கைப் போடுங்க.

அம்புஜவல்லி: அடுத்தடுத்த ரெண்டே கோப்பைதான் இடம் மாறியிருக்குது. வித்தியாசத்தை வர்க்கம் பண்ணிக் கூட்டினா ரெண்டு. ஆறால பெருக்கி, எட்டுக் கோப்பைக்கு வர்ற ஐநூத்தி நாலால வகுத்து, ஒண்ணுலேருந்து கழிச்சா... புள்ளி ஒன்பது எட்டு. ஒண்ணு வந்தா முழுப் பொருத்தம், இது கிட்டத்தட்ட அதுதான். யாரு சீட்டு இது?

சக்கரபாணி: ஒண்ணு... என்னுது.

அம்புஜவல்லி: இன்னொண்ணு?

சக்கரபாணி: ஞாயித்துக்கெழமை பெண்ணாடத்துல பொண்ணு பாக்கப் போவணும்ங்கறாங்க அம்மா. வேணாம்னு சொல்ல ஒரு காரணம் வேணும்... இன்னொண்ணு உங்களுதுங்க. பேரு போடலைன்னா என்ன, உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அம்புஜவல்லி: அந்தச் சீட்டை இப்படிக் குடுங்க.

சக்கரபாணி: கோச்சுக்கிட்டீங்களா? ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் பாக்காமலே இவ்வளவு ஒத்துப் போவுதுங்க.

அம்புஜவல்லி: இந்தக் கணக்கை அம்மாகிட்ட காட்டாதீங்க. செல்லாது.

சக்கரபாணி: ஏங்க?

அம்புஜவல்லி: சீட்டெல்லாம் என் மேஜைக்குத்தானே வந்துது. உங்களுதைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் என்னுதை எழுதினேன். அப்படியே எழுதினா மாட்டிக்குவேன்னு ரெண்டை மட்டும் மாத்திப் போட்டேன்... ஞாயித்துக்கெழமை அம்மாவைக் கம்மாபுரத்துக்கு, எங்க வூட்டுக்கு வரச் சொல்லுங்க.