துண்டுக்குள் மூடிய கை

பெயர் ரஜீனா. தகப்பனார் காலஞ்சென்ற மைதீன் ராவுத்தர். வயது நாற்பத்தெட்டு. இயற்பியல் முதுகலை படித்து மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மணமுறிவு பெற்றவள், குழந்தைகள் இல்லை. பாலக்காடு மாவட்டம் வேலந்தாவளம் சந்தை ரோட்டில், என் தம்பி ஃபிரோஸின் மாட்டுத்தீவனக் கடைக்கு மேல்மாடியில் வசிக்கிறேன்.

மாட்டுத் தரகர் கமால் மீது விவசாயி சென்னியப்பன் கொடுத்திருக்கும் மோசடிப் புகார் பற்றி விசாரிக்க எனக்கு அழைப்பு வரவில்லை. நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். நான் தமிழில் சொல்வதை, மூணாறைச் சேர்ந்த பெண் காவலர் புஷ்பமேரி எழுதிக்கொள்கிறார். சப் இன்ஸ்பெக்டர் உடன் இருக்கிறார்.

கமாலை ஊர்க்காரர் என்ற அளவில் வெகுகாலமாகத் தெரியும். சந்தையில் அவரை ராவுத்தர் என்றே கூப்பிடுவார்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மனைவி இறந்துவிட்டார். முன்பு பேசிப் பழக்கம் இல்லை. லாரியில் காளை ஏற்றும்போது விழுந்து, கோயம்புத்தூரில் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு ஒரு சந்தை நாளில் ஊன்றுகோலுடன் கடைக்கு வந்தவர், உள்ளே வைத்திருப்பது உலோகத்தில் அச்சடித்தது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி, காகிதத்தில் அச்சடிப்பது தெரியும், உலோகத்தில் எப்படி என்று என்னிடம் கேட்டார். உலோகப் பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அதன் மேல் அடுத்த படலம் பரப்பி, இப்படியே ஒரு பொருளை எழுப்புவார்கள் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. அதன் பிறகு எவர்சில்வர் தட்டில் சர்க்கரையைப் பரப்பி, கோணி ஊசியைச் சூடாக்கி ஒரு வட்டம் வரைந்தேன். உருகிய சர்க்கரை வளையமாக ஒட்டிக்கொண்டது. மீதியை ஊதிவிட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் இடுப்பில் பொருத்தியிருக்கும் கிண்ணம் போன்ற உலோக மூட்டில் நுண்ணிய துளைகள் விட்டிருப்பார்கள், எலும்பு அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னேன்.

“புடிச்சதுக்கப்பறம் உடாதுங்களா டீச்சர்?” என்றார்.

விடாது என்றேன். வளையத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த சந்தை நாளில் வந்து, “எறும்பு தின்னுபோடுச்சுங்க, இன்னொண்ணு போட்டுக் குடுங்க” என்றார். போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு, இப்படி அச்சடிக்கும் ஒரு கம்பெனியின் பங்கு ஏறிக்கொண்டிருப்பதாகச் சென்னியப்பன் யூடியூபில் பார்த்துவிட்டு வந்தார். சென்னியப்பன் கறவை மாடு வைத்திருக்கும் விவசாயி, கடையின் பழைய வாடிக்கையாளர், கவுண்டர் என்று கூப்பிடுவார்கள். சந்தை முடிந்து கடையில் உட்காருபவர்களிடம் அவர் அதைப் பற்றிப் பேசினார். அந்தப் பங்குக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘பொடி’. கம்பெனி வெளியிடும் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் இருந்ததால், படித்துத் தமிழில் சொல்லுமாறு என்னைக் கேட்டார்கள். கடைக்கு உள்ளே ஒரு அறை உண்டு. அதன் வாசலில் சாக்குப் படுதா தொங்கும். படுதாவுக்கும் தரைக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு இடைவெளி. நான் உள்ளே உட்கார்ந்து படிப்பேன். அவர்கள் வெளியே மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கேட்பார்கள்.

நான் பங்கு எதுவும் வாங்கவில்லை. பங்கு இல்லாதவர் வாராவாரம் ஏன் போனீர்கள் என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். கடை என் தம்பியுடையது என்று பதில் சொன்னேன்.

நான் படித்தவற்றில், விமானக் கம்பெனி ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் என்று எல்லாரும் பேசிக்கொண்டது ஆர்டரே அல்ல. வாங்குவது பற்றிப் பேசலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். கமாலின் இடுப்பில் இருப்பது இந்தக் கம்பெனி செய்தது அல்ல, வெளிநாட்டுக் கம்பெனி செய்தது என்பதையும் சொன்னேன். “மாடு வேறயா இருந்தாலும் இனம் ஒண்ணுதானுங்களே” என்றார் கமால். எல்லாரும் சிரித்தார்கள்.

சென்னியப்பன், “டீச்சர், பாடம் அப்பறம் நடத்துங்க. ராவுத்தரே, அந்தக் குச்சியக் கீழ வெச்சுப்போட்டு ஒருக்கா நடந்து காட்டுங்க” என்றார்.

சந்தையில் மாடு வாங்குமுன் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அது போலவே கமாலைக் கடை வாசலில் நடக்கவிட்டார்கள். அவர் ஊன்றுகோல் இல்லாமல் சாலை ஓரம் வரை போய்த் திரும்பி வந்தார். “பல்லப் புடிச்சுப் பாக்க வேண்டாமுங்களா?” என்று யாரோ கேட்டார்கள். “பல்லு நம்முளுது, அதுக்கு உத்தரவாதம் இல்லீங்க” என்றார் கமால். நான் படுதாவுக்குக் கீழே கால்களை மட்டும் பார்த்தேன். இடது காலைச் சற்று வெளிப்புறமாக வைத்து, வைத்தது நிற்கிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, அடுத்ததை எடுத்தார். நன்றாகவே நடந்தார். அன்றைக்கே பலர் போனில் பொடி வாங்கினார்கள். கமாலும் வாங்கினார். ஒரு மனிதர் நன்றாக நடப்பதைப் பார்த்து ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினார்கள் என்பதை நான் நேரில் கண்டேன்.

அதன் பிறகு விலை பல வாரங்கள் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் கமால் சந்தைக்குப் போகுமுன் ஒருமுறையும், முடிந்து ஒருமுறையும் கடைக்கு வந்தார். பொடியைப் பற்றி ஏதாவது கேட்பார். பிறகு வேறு ஏதாவது கேட்பார்.

அதன் பிறகு ஒரு சந்தை நாளில், சென்னியப்பன் தன் கறவை மாடுகளை விற்ற பணத்தை அப்படியே பொடியில் போடப்போவதாகச் சொல்லி, கமாலை ஒரு வார்த்தை கேட்டார். கமால் வாயால் எதுவும் சொல்லாமல், துண்டைப் போட்டு, அதற்குள் சென்னியப்பனின் கையைப் பிடித்தார். பிறகு இருவரும் கையை எடுத்தார்கள் என்று வெளியே இருந்தவர்கள் சொன்னார்கள்.

இங்கே சந்தை வழக்கத்தைச் சொல்லும்படி கேட்கப்பட்டதால் சொல்கிறேன். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரல்களைப் பிடித்துச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. எந்த மாட்டையும் வாய் திறந்து குறை சொல்லவும் கூடாது. அதே போன்ற மாட்டைக் கட்டி வைத்திருப்பவர்களுக்கு விலை கெட்டுவிடும் என்பதே காரணம். வாங்கிய மாடு தீனி எடுக்காவிட்டால் அடுத்த சந்தைக்குள் தரகர் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் வழக்கம். அன்று துண்டுக்குள் ஒரு விலையை உறுதி சொல்லி, அந்த விலைக்குத் தானே திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கமால் விரலால் ஒப்புக்கொண்டார் என்பதே சென்னியப்பனின் புகார்.

அடுத்த நாள் சென்னியப்பன் தவிடு வாங்க வந்தார். கடையில் நானும் ஃபிரோஸும் இருந்தோம். அவர் சிரித்துக்கொண்டே, “ராவுத்தர் கைய மூடிப்போட்டாருங்க டீச்சர். அவுரு கைய மூடுனா அந்த மாட்ட உடவே கூடாது. வேற ஆளுக்குப் புடிச்சு வெக்கறாருன்னு அர்த்தம். நான் கடனையும் வாங்கிச் சேத்திப் போட்டுட்டனுங்க” என்றார். கையை மூடுவது என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. ஃபிரோஸ் தவிடு நிறுத்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்ததா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு கமால் வந்தபோது, சென்னியப்பனிடம் துண்டுக்குள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“துண்டுக்குள்ள சொன்னத வாயில சொல்லப்படாதுங்க டீச்சர். துண்டுக்குள்ளதான் சொல்லோணும்” என்றார்.

அப்படியென்றால் துண்டைப் போடுங்கள் என்றேன். இதை நான்தான் சொன்னேன், அவர் சொல்லவில்லை. ஃபிரோஸ் கடைக்குப் பின்புறம் லாரியிலிருந்து பிண்ணாக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். கமால் சாலையைப் பார்த்தார். அதன் பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, தராசுத் தட்டின் மேல் விரித்தார். நான் அதற்குள் கையை வைத்தேன். அவர் என் விரல்கள் எதையும் தனியாகப் பிடிக்கவில்லை. கையை முழுதாக மூடி அழுத்தினார். அவர் கை சூடாக இருந்தது. ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் மூடிப் பிடிக்க வேண்டும் என்ற வழக்கம் எனக்குத் தெரியாது. மூட்டை விழும் சத்தம் நின்ற பிறகு எடுத்துக்கொண்டார்.

இதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். துண்டை மடித்தபடி, “இந்த மாடு வேண்டாம், உட்டுருங்கன்னு அர்த்தம். இந்த உருப்படிக்கு இந்த வெல ஆகாதுங்க. கவுண்டர்கிட்ட அதத்தான் சொன்னேன்” என்றார். எல்லார் முன்னாலும் வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “அத்தன பேரு கட்டி வெச்சிருக்காங்க. நான் எப்படிங்க வாயத் தொறக்கறது?” என்றார். அவர் கையை மூடியதைச் சென்னியப்பன் எப்படி எடுத்துக்கொண்டார், கடன் வாங்கிப் போட்டிருக்கிறார் என்பதைச் சொன்னேன். கமால் அங்கேயே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு உடனே கிளம்பிச் சென்னியப்பனைத் தேடிப் போனார். சென்னியப்பன் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டதாக மறுநாள் வந்து சொன்னார்.

அதன் பிறகு கம்பெனியின் கணக்கு அறிவிப்பு வந்தது. விமானக் கம்பெனி ஆர்டர் அதில் இல்லை. நான்தான் படித்துச் சொன்னேன். மறுநாளிலிருந்து விலை இறங்கியது. விற்கப் போட்டாலும் வாங்க ஆளில்லை. கமாலின் பங்கும் அதில்தான் இருந்தது. அவர் முன்கூட்டி விற்கவில்லை என்பதை அவருடைய போன் கணக்கிலேயே பார்க்கலாம்.

அதற்கடுத்த சந்தை நாளில் சென்னியப்பன் கடைக்கு வந்து, எல்லார் முன்னிலையிலும், “ராவுத்தரே, மாடு தீனி எடுக்குல. திருப்பிப் புடிச்சுக்கோ” என்றார். கமாலிடம் அவர் ‘ங்க’ போடாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நான் கைய மூடுனனா இல்லீங்களா கவுண்டரே?” என்றார் கமால்.

“எந்தக் கைய? யாரு பாத்தாங்க?” என்றார் சென்னியப்பன்.

நான் படுதாவுக்கு உள்ளே இருந்தேன். கமாலின் கால்கள் படுதாவின் பக்கம் திரும்பி நின்றதைப் பார்த்தேன். டீச்சருக்குத் தெரியும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எப்படித் தெரியும் என்று அடுத்து எல்லாரும் கேட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. கால்கள் திரும்பின. இடது காலை வெளிப்புறமாக வைத்து, சாலை ஓரம் வரை போய், இந்த முறை திரும்பி வரவில்லை. நான் எழுந்தேன், ஆனால் படுதாவை விலக்கவில்லை. ஃபிரோஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு கமாலை நான் பார்க்கவில்லை. போன் அணைக்கப்பட்டிருக்கிறது. எஸ்டேட்டுகளில் பசு பிடிக்க மூணாறு பக்கம் போவார் என்று முன்பு சொல்லியிருக்கிறார். அங்கே இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் மேடும் இறக்கமுமாக இருக்கும், அந்த இடுப்போடு நடப்பது சிரமம் என்று நான் சொன்னதற்குப் புஷ்பமேரி, “ஜீப்பு ஓடும்க்கா, பயப்படாதீங்க” என்றார். சந்தை நாட்களில் நான் இப்போதும் உள்ளறையில் உட்காருகிறேன். படிக்க எதுவும் இல்லை. படுதாவுக்குக் கீழே கால்கள் போகின்றன. அந்த நடை வந்தால் எனக்குத் தெரியும். இதுவரை வரவில்லை.

வாராவாரம் ஏன் போனீர்கள் என்ற கேள்விக்கு முன்பு சொன்ன பதில் பொய்யல்ல. ஆனால் முழுமையாக இல்லை. அவர் வருவார் என்பதால் போனேன் என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்று காலை ஃபிரோஸ், “கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கக்கா. நாம இந்த ஊர்லதான் இருக்கோணும்” என்றான். யாரும் கேட்காததையும் சொல்லியிருக்கிறேன் என்பதை உணர்ந்தே சொல்கிறேன். இது கோர்ட்டில் எல்லார் முன்னாலும் படிக்கப்படும், எதிர்த் தரப்பு வக்கீல் மரியாதை பார்க்க மாட்டார் என்று சப் இன்ஸ்பெக்டர் எச்சரித்தார். சென்னியப்பன் தன் வாயால் சொன்னதையும், கமால் தன் கையால் சொன்னதையும் அங்கேயும் இதே போல் சொல்வேன்.

கமால் இருக்கும் இடம் தெரிந்தால் எனக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அது வாக்குமூலத்தில் வராது, தனி மனுவாக எழுதித் தர வேண்டும் என்றார்கள். ஒரு தாள் கேட்டிருக்கிறேன்.

எழுதியதைப் புஷ்பமேரி எனக்கு முழுதும் படித்துக் காட்டினார். துண்டு பற்றிய இடத்தில் நிறுத்தி, “கை சூடா இருந்துச்சுன்னு ஒரு வரி இருக்கு. கேஸுக்கு வேணாம்க்கா, அடிச்சிரட்டா?” என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

நான் சொன்னதும் இவர் எழுதியதும் ஒன்றே. அந்த ஒரு வரி உட்பட அனைத்தும் நடந்தது. அடித்தல் திருத்தல் இல்லை.

(ஒப்பம்)
மை. ரஜீனா